ஏற்காடு ஏறும்போது அடைக்கும் காதும் தறி ஓட்டி மந்தமாகும் காதும்: கேளாமையின் காரணங்கள், சிகிச்சைகள்

சேலத்துக்காரர்களுக்குக் கேளாமையின் இரண்டு வகைகளும் அனுபவத்தில் தெரியும். பெயர்தான் தெரியாது.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் பாதி மலை ஏறுவதற்குள் காது கம்மென்று அடைத்துக்கொள்ளும். பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசுவது பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருக்கும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ 'டப்' என்று திறந்து எல்லாம் பழையபடி கேட்கும்.

அம்மாபேட்டையிலோ இளம்பிள்ளையிலோ தாரமங்கலத்திலோ விசைத்தறி ஓட்டிவிட்டு ஷிப்ட் முடிந்து வெளியே வருபவரின் காது வேறு மாதிரி மந்தமாக இருக்கும். உள்ளே 'ஙொய்' என்று ஒரு இரைச்சல். டீக்கடையில் எதிரே நிற்பவர் பேசுவது தெளிவாக விழாது. எச்சிலை எத்தனை முறை விழுங்கினாலும் மாறாது. தூங்கி எழுந்தால் சரியாகிவிட்டதுபோல இருக்கும்.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு புரிந்தால், பல குடும்பங்களைக் குழப்புகிற ஒரு கேள்விக்கும் விடை கிடைக்கும். ஒரே வீட்டில் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்து காது கேட்க வைத்துவிடுகிறார்கள். அப்பாவுக்கோ, "ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை, மெஷின்தான் வைக்கணும்" என்கிறார்கள். டாக்டருக்குத் தெரியவில்லை என்று நினைத்து அப்பாவைக் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் கூட்டிக்கொண்டு அலைகிறார்கள். எங்கே போனாலும் பதில் அதேதான். 'காது கேட்கவில்லை' என்பது ஒரு நோயின் பெயரல்ல. ஒலி போகும் வழியில் எந்த இடம் பழுதானது என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

ஒலி போகும் வழி

1. வெளிக்காது. காது மடலும், அதிலிருந்து உள்ளே போகும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குழாயும். இதன் முடிவில் செவிப்பறை என்ற மெல்லிய சவ்வு.

2. நடுக்காது. செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறை. அதில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள். செவிப்பறையின் அதிர்வை இவை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி உள்ளே தள்ளுகின்றன. இந்த அறையிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழாய் போகிறது. காற்றழுத்தத்தைச் சமன் செய்வது அதன் வேலை.

3. உள்காது. நத்தை ஓடுபோலச் சுருண்ட, திரவம் நிறைந்த உறுப்பு. ஒரு காதில் சுமார் 15,000 முடிச்செல்கள் (நுனியில் முடிபோன்ற இழைகள் கொண்ட செல்கள்). அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றுவது இவைதான். அங்கிருந்து செவிநரம்பு மூளைக்குப் போகிறது.

முதல் இரண்டு பகுதிகளில் தடை ஏற்பட்டால் அது கடத்தல் வகைக் கேளாமை. ஒலி உள்ளே போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். வாங்கும் கருவி நன்றாகவே இருக்கிறது. மூன்றாவது பகுதி கெட்டால் அது நரம்பு வகைக் கேளாமை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

ஏற்காட்டு அடைப்பு முதல் வகை. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே போகப் போகக் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. நடுக்காதில் அடைபட்ட காற்று செவிப்பறையை வெளிப்பக்கம் தள்ள, அது விறைத்து நன்றாக அதிர முடியாமல் போகிறது. விழுங்கும்போது குழாய் திறந்து காற்று வெளியேறுகிறது. ஏறும்போது இது ஓரளவு தானாகவே நடக்கும். இறங்கும்போது நாமாகத் திறந்தால்தான் காற்று உள்ளே போகும். சளி பிடித்திருக்கும் பிள்ளைகள் அடிவாரத்துக்கு வந்து சேர்வதற்குள் காதைப் பிடித்துக்கொண்டு அழுவதற்குக் காரணம் இதுதான். கைக்குழந்தையாக இருந்தால் இறங்கும் வழியில் பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் குழாய் திறக்கும்.

'ம்' என்று முனகிப் பாருங்கள்

எந்த வகை என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ஒரு விரலால் வலது காதை அடைத்துக்கொண்டு, வாயை மூடி 'ம்…' என்று முனகுங்கள். ஓசை எந்தப் பக்கம் பலமாகக் கேட்கிறது? அடைத்த பக்கம்தான். எலும்பு வழியாக உள்காதுக்குப் போகும் ஒலிக்குத் தடையில்லை. வெளிச்சத்தமும் அந்தப் பக்கம் நுழையாததால் அது இன்னும் பலமாகத் தெரிகிறது.

ஒரு காது மட்டும் கேட்காமல் போனவர், விரலால் அடைக்காமல் இதேபோல முனகும்போது ஓசை கேட்காத காதின் பக்கம் ஒதுங்கினால், தடை வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாகக் கேட்கும் காதின் பக்கம் ஒதுங்கினால் உள்காதுப் பழுதை நினைக்க வேண்டும். காது மூக்கு தொண்டை மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றியில் வைப்பது இதே கணக்கில்தான். உறுதி செய்வது ஆடியோகிராம். சத்தம் புகாத அறையில் ஹெட்போன் மாட்டி, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை ஒவ்வொன்றும் குறைந்தபட்சம் எத்தனை டெசிபலில் (ஒலியின் பலத்தை அளக்கும் அலகு) கேட்கிறது என்று குறிப்பார்கள். முனகல் சோதனை ஒரு துப்பு மட்டுமே, ஆடியோகிராமுக்கு மாற்றல்ல.

வழி அடைபட்டால்

இந்த வகையில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும்.

1. குறும்பி. காதைத் தானே சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். கோழி இறகு, ஊக்கு, பட்ஸ் எல்லாம் அதை உள்ளே தள்ளி இறுக்கவே செய்யும். சொட்டு மருந்தில் இளக வைத்து மருத்துவர் எடுத்துவிடுவார்.

2. நடுக்காதில் நீர். மூன்று முதல் எட்டு வயதுப் பிள்ளைகளில் சாதாரணம். வலி இருக்காது. பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது, வாயைத் திறந்துகொண்டு தூங்கும். வகுப்பில் "கவனமே இல்லை" என்று அடி வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர் இப்படிக் கேட்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் என்று நினைத்தால் மனம் வலிக்கிறது. பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் நீர் தானாக வடிந்துவிடும். இல்லையென்றால் செவிப்பறையில் குரோமெட் என்ற சின்னக் குழாயை வைப்பார்கள். மூக்கின் பின்னால் வீங்கிய அடினாய்டு சதை இருந்தால் அதையும் எடுப்பார்கள்.

3. சீழ் வடியும் காது. நம் பக்கத்தில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதிகம். "சின்ன வயசுலேருந்தே வடியும், சளி பிடிச்சா வரும், போயிடும்" என்பார்கள். செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். இதிலும் இரண்டு உண்டு. வாடையில்லாமல், சளிபோல வடிவது ஓரளவு ஆபத்தில்லாதது. மருந்தால் காதை உலர வைத்து, பிறகு காதுக்கு மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓட்டையை அடைப்பார்கள். முதலில் சொன்ன வீட்டில் அம்மாவுக்கு நடந்தது இதுதான்.

மற்றது, கொஞ்சமாக, ஆனால் துர்நாற்றத்தோடு வடிவது. செவிப்பறையின் தோல் உட்பக்கமாக வளர்ந்து எலும்பை அரித்துக்கொண்டே போகிறது. முகத்தை அசைக்கும் நரம்பும் மூளையின் உறையும் அந்த எலும்புக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. இதற்குச் சொட்டு மருந்து போதாது. காதுக்குப் பின்னுள்ள எலும்பைக் குடைந்து முழுவதையும் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே ஆபரேஷன் முதலில் உயிரைக் காக்க, கேட்பது அடுத்தது. வாடை அடிக்கும் காதில் காய்ச்சிய எண்ணெயும் தாய்ப்பாலும் ஊற்றிக்கொண்டு மாதங்களைக் கடத்தாதீர்கள்.

4. எலும்பு இறுகிப்போவது. அங்கவடி எலும்பு அசையாமல் இறுகிவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பெரும்பாலும் இளவயதில் தொடங்கும். காதில் சீழ் இல்லை, வலி இல்லை, செவிப்பறையும் நன்றாக இருக்கும். இதில் ஒரு விசித்திரம் உண்டு: "பட்டறையில தறி ஓடும்போது நல்லா கேக்குது, வீட்டுக்கு வந்தாத்தான் கேக்கல" என்பார்கள். இரைச்சலில் எல்லோரும் குரலை உயர்த்திப் பேசுகிறார்கள். இவருடைய அடைப்பு தறிச் சத்தத்தையும் குறைத்துவிடுவதால் பேச்சு தெளிவாக விழுகிறது. கேட்பவர்கள், "வீட்டு வேலைன்னா மட்டும் கேக்காது" என்று கேலி பேசுவார்கள். அது நடிப்பல்ல, நோயின் அறிகுறி. 17ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ் பெயரால் மருத்துவ நூல்களில் இது இன்றும் குறிக்கப்படுகிறது. இறுகிய எலும்புக்குப் பதில் சிறிய செயற்கைக் கம்பி வைக்கும் ஆபரேஷன் இருக்கிறது; மெஷினும் நன்றாகப் பயன்படும்.

தறிச் சத்தம் உள்ளே என்ன செய்கிறது

விசைத்தறியில் நாடா (ஊடை நூலைச் சுமந்து ஓடும் கட்டை) இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அடித்து விரட்டப்படுகிறது. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் மரமும் இரும்பும் மோதும் சத்தம். ஒரு கூரைக்குக் கீழ் எட்டுத் தறி, பத்துத் தறி. இந்தக் கூடங்களில் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். சாதாரணப் பேச்சு 60தான்.

டெசிபல் கணக்கு ரூபாய்க் கணக்குபோல இல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம் என்றால், 88ல் 4 மணி நேரம், 91ல் 2 மணி நேரம், 94ல் 1 மணி நேரம்தான். இந்தியத் தொழிற்சாலை விதிகள் இதைவிடத் தளர்வானவை: 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல்வரை அனுமதித்தன. ஆனாலும், இரைச்சலால் வரும் கேளாமையை அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சேர்த்திருந்தது. வீட்டோடு சேர்ந்த நான்கு தறிப் பட்டறைக்கு அந்தச் சட்டத்தின் நிழல்கூட எட்டியதில்லை. அளப்பதற்கும் ஆள் இல்லை, காதடைப்பான் தருவதற்கும் ஆள் இல்லை.

பெருஞ்சத்தம் முடிச்செல்களைச் சோர்வடைய வைக்கிறது. ஓய்வு கொடுத்தால் அவை நிமிரும். ஷிப்ட் முடிந்து தூங்கி எழுந்ததும் காது தெளிவது இதனால்தான். இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். மறுநாளும் அதே அடி விழும்போது சில செல்கள் எழுவதில்லை, செத்துவிடுகின்றன. மனிதக் காதில் செத்த முடிச்செல் மீண்டும் முளைப்பதில்லை. அப்பாவுக்கு ஆபரேஷன் இல்லை என்று சொல்வதன் முழுக் காரணமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

முதலில் அடி வாங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துக் கீச்சொலிகள். ஆடியோகிராமில் அந்த இடத்தில் மட்டும் கோடு பள்ளத்தில் விழுந்து மறுபடி ஏறும். அந்தப் பள்ளத்தைப் பார்த்தாலே இது சத்தத்தால் வந்தது என்று நிபுணர் ஊகித்துவிடுவார். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஒலிகளில் இருப்பதால் அவை நன்றாகவே கேட்கும். வல்லின எழுத்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுண்ணொலிகள்தான் போய்விடும். 'பத்து' என்றாரா 'பட்டு' என்றாரா, 'கத்தி' என்றாரா 'கட்டி' என்றாரா என்று தெரியாது. "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. பட்டறைக்குள் கைஜாடையும் உதட்டசைவும் பழகிப்போனதால் வருடக்கணக்கில் இது வெளியே தெரிவதில்லை. பேரன் போனில் பேசும்போதுதான் தெரியவரும்.

வெடி வேறு விதம். தறி ஆண்டுக்கணக்கில் செய்வதை, முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் அணுகுண்டுப் பட்டாசு ஒரு நொடியில் செய்துவிடும், செவிப்பறையும் கிழியலாம்.

முதுமையில் வருவதும் இதே வகைதான். கீச்சொலியில் தொடங்கி, இரண்டு காதிலும் ஒரே சீராகக் குறையும்.

காத்திருக்கக் கூடாத ஒன்று: திடீர்க் கேளாமை

இரவு நன்றாகப் படுத்தவர் காலையில் எழுந்தால் ஒரு காது கேட்காது. சிலருக்குத் தலைசுற்றல், இரைச்சல். மூன்று நாளுக்குள் இப்படி வேகமாகக் குறைந்தால் அது திடீர் நரம்புக் கேளாமை. 2024 ஜூனில் பின்னணிப் பாடகி அல்கா யாக்னிக் தனக்கு வைரஸ் தாக்குதலால் நரம்பு வகைக் கேளாமை ஏற்பட்டிருப்பதாக அறிவித்தபோதுதான் பலர் இப்படி ஒன்று இருப்பதையே அறிந்தார்கள். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை.

ஸ்டீராய்டு மாத்திரை அல்லது செவிப்பறை வழியாகப் போடும் ஸ்டீராய்டு ஊசிதான் சிகிச்சை. முதல் சில நாட்களில் தொடங்கினால் பலன் அதிகம். இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வேகமாகக் குறையும். "சளி அடைச்சிருக்கும்" என்று மெடிக்கலில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டு பத்து நாள் கழிப்பதுதான் நடக்கிறது. முன்பு சொன்ன முனகல் சோதனையில் ஓசை நல்ல காதுப் பக்கம் போனால் அன்றைக்கே போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மலைக் கிராமத்தில் இருப்பவர்கள் சந்தை நாள்வரை காத்திருக்காமல் கீழே இறங்கிவிட வேண்டும்.

மருந்துகளாலும் முடிச்செல்கள் சாகும்: ஜென்டாமைசின், அமிகாசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின். உயிர் காக்கும் மருந்துகள் இவை. வேண்டாம் என்று மறுக்கக் கூடாது. ஊசி போடும் நாட்களில் காதில் புதிதாக இரைச்சல் கேட்டால் உடனே சொல்ல வேண்டும்.

பிறவியிலேயே என்றால்

கேளாமையோடு பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோரின் பெற்றோருக்குக் காது நன்றாகக் கேட்கும். அதனால்தான் "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்று வீட்டில் நம்ப மறுக்கிறார்கள். பழுதான மரபணு அப்பாவிடம் ஒன்று, அம்மாவிடம் ஒன்று மறைந்திருக்கும். இரண்டும் குழந்தையிடம் சேரும்போதுதான் வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது இப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பத்தில் ருபெல்லா, எடை குறைந்த பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல் ஆகியவை மற்ற காரணங்கள்.

வீட்டில் தட்டைக் கீழே போட்டுப் பார்ப்பார்கள். "திரும்பினானே!" என்று நிம்மதி அடைவார்கள். பாதி கேட்கும் குழந்தையும் எவர்சில்வர் தட்டுக்குத் திரும்பும். பேச்சு அதற்குப் போதாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் ஓஏஇ சோதனை (உள்காது திருப்பி அனுப்பும் மெல்லொலியை அளப்பது), சந்தேகமிருந்தால் பெரா சோதனை (ஒலிக்குச் செவிநரம்பும் மூளையும் காட்டும் மின்சமிக்ஞையை அளப்பது) செய்து மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை: இதுதான் உலகெங்கும் பின்பற்றும் கால அட்டவணை. குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம், வலியில்லை.

மெஷின் உதவாத அளவுக்குக் கடுமையாக இருந்தால் காக்ளியர் இம்ப்ளான்ட். செத்த முடிச்செல்களைத் தாண்டி, நத்தை ஓடுபோன்ற உள்காதுக்குள் நுழைத்த மின்கம்பி நேரடியாக நரம்பைத் தூண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது கிடைக்கிறது. வயது வரம்பு எழுத்தர் போட்ட விதியல்ல. ஒலியே கேட்காமல் வளர்ந்தால் மூளையில் பேச்சுக்கான பகுதி வேறு வேலைக்குப் போய்விடும். ஆபரேஷன் முடிந்த அன்று குழந்தை பேசிவிடாது. குறைந்தது ஒரு வருடம் விடாமல் பேச்சுப் பயிற்சிக்குப் போக வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வாரந்தோறும் பஸ் ஏறும் தாய்மார்கள்தான் உண்மையில் அந்தக் கருவியை வேலை செய்ய வைக்கிறார்கள்.

காது மெஷின்

"மெஷின் வெச்சா இருக்கிற காதும் போயிடும்" என்பது தவறு. ஆடியோகிராம் பார்த்து, எந்த ஒலி எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் கூட்டும்படி அமைத்த கருவி காதைக் கெடுக்காது. எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் கூட்டும் மலிவுக் கருவியைக் கடையில் வாங்கி மாட்டினால், கேட்காதது கேட்காமலே இருக்கும். பாத்திரச் சத்தம் மட்டும் மண்டையைப் பிளக்கும். பிறகு அது பீரோவில் தூங்கும். முதல் வாரம் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு கூடுதல் நேரம், கடைசியில் கடைத்தெரு என்று பழகி, இரண்டு மூன்று முறை நிபுணரிடம் போய் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகவும் கிடைக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இரண்டு காதிலும் இழப்பு 60 முதல் 70 டெசிபல் என்றால் செவித்திறன் குறைந்தவர். 70 டெசிபல் இழப்பு என்றால் காது கேளாதவர்.

பட்டறையில் செய்யக்கூடியவை

1. வெறும் பஞ்சு சத்தத்தை அதிகம் தடுக்காது. ஸ்பாஞ்ச் காதடைப்பான் நல்லது. விரல்களில் உருட்டி ஒல்லியாக்குங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். செருகி, அது உள்ளே விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

2. தொட்டிலைத் தறிக்கூடத்தில் கட்டாதீர்கள். அந்தச் சத்தத்தில் குழந்தை அசந்து தூங்குவதைப் பார்த்துப் பழகிவிட்டது என்று நினைப்போம். பழகுவது தூக்கம்தான், காது அல்ல.

3. வேலைக்குச் சேரும்போது ஒரு ஆடியோகிராம், பிறகு வருடத்துக்கு ஒன்று. 4000 ஹெர்ட்ஸில் பள்ளம் தொடங்கும்போதே தெரிந்தால் பேச்சுக்கான ஒலிகளைக் காப்பாற்ற முடியும். ஷிப்ட் முடிந்த கையோடு சோதனைக்குப் போகக் கூடாது. அன்றைய சோர்வும் கணக்கில் சேர்ந்து காது உண்மையைவிட மோசமாகத் தெரியும். தறிச் சத்தத்தை விட்டு குறைந்தது 14 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வார லீவு முடிந்த காலை, தறியடிக்குப் போவதற்கு முன்னால் போவது நல்லது.